ஒன்றே முக்கால் வயதுக்கு ஃபிட்னஸ் சர்டிபிகேட்டா?

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. காலை எட்டரை மணி. பேப்பரை விரித்து உட்கார்ந்தேன். எதிர்வீட்டுப் பெண் இடுப்பில் குழந்தையும் தோளில் சாப்பாட்டுப் பையுமாக வந்து நின்றாள். வேடசந்தூர் ரோட்டில் ஒரு நூற்பாலையில் வேலை. அந்த நேரத்தில் அவள் மில் வேனில் இருக்க வேண்டும்.

“என்னம்மா, வேன் போயிருச்சா?”

“போயிருச்சு பெரியப்பா. பாப்பாவ உள்ள விட மாட்டேன்னுட்டாங்க. ஆஸ்பத்திரி போயிட்டு வந்த புள்ளைன்னா டாக்டர்கிட்ட ஃபிட்னஸ் சர்டிபிகேட் வாங்கிட்டு வரணுமாம்.”

குழந்தைக்கு ஒன்றே முக்கால் வயது. உடம்புக்கு ஒன்றுமில்லை. புதன்கிழமை தடுப்பூசி நாள். வழக்கப்படி நர்சம்மா ஊசி போட்டு, அரை மணி நேரம் உட்கார வைத்து, காய்ச்சல் மாத்திரையும் கொடுத்து அனுப்பியிருக்கிறார். அன்று இரவு உடம்பு சுட்டது. வியாழக்கிழமை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டாள். வெள்ளிக்கிழமை காலையில் குழந்தை இட்லி தின்று, என் வாசல் கோலத்தைக் காலால் அழித்து, சிரித்துக்கொண்டிருந்தது. ஆனால் காப்பகத்துக்குத் தாள் வேண்டும்.

நானும் கூடப் போனேன். தனியார் டாக்டர் கிளினிக்கில் டோக்கன் 23. பதினொன்றரை வரை உட்கார்ந்திருந்தோம். இரும்புகிற பிள்ளை ஒரு பக்கம், மூக்கு ஒழுகுகிற பிள்ளை ஒரு பக்கம், நடுவில் நம் பாப்பா. எல்லாப் பிள்ளைகளும் ஒரே பிளாஸ்டிக் காரைச் சுற்றி ஓட்டின. டாக்டர் குழந்தையை ஒரு நிமிடம் பார்த்தார். “நல்லாத்தானே இருக்கா?” என்று தாயிடமே கேட்டார். “ஆமா சார்” என்றாள். அவள் சொன்னதைத்தான் லெட்டர்பேடில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். 250 ரூபாய். தாய் காலையில் காப்பக வாசலில் வாயால் சொன்னபோது செல்லாத வார்த்தை, டாக்டர் எழுதிக் கொடுத்தபோது செல்லுபடியாகிவிட்டது. அன்றைய கூலியும் போயிற்று.

இதை நான் சும்மா விடுவதாக இல்லை. ஆனால் காப்பகத்து அம்மாவைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். என் மேஜையிலிருந்து வந்தது.

நான் பணிபுரிந்த காலமெல்லாம் விடுப்பு விண்ணப்பங்களைப் பார்த்தவன். அரசு ஊழியர் மருத்துவ விடுப்பில் போனால் மருத்துவச் சான்று வைக்க வேண்டும். திரும்பப் பணியேற்கும்போது உடற்தகுதிச் சான்று வைக்க வேண்டும். அந்த விதிக்கு ஒரு நியாயம் உண்டு. சம்பளத்தோடு ஒருவர் பத்து நாள் வீட்டில் இருந்தால், அது உண்மையான நோயா என்று அரசாங்கம் கேட்கலாம். ஆனால் ஒன்றே முக்கால் வயதுக் குழந்தை யாரிடம் சம்பளம் வாங்குகிறது? அது யாரை ஏமாற்றப் பொய்க் காய்ச்சல் போட்டது? அலுவலகத்தில் பிறந்த விதி, அலுவலகத்தை விட்டு இறங்கி, பள்ளிக்கூடத்துக்குப் போய், இன்று குழந்தைகள் காப்பகத்தின் வாசலில் வந்து உட்கார்ந்திருக்கிறது.

என் பங்கையும் சொல்லிவிடுகிறேன். 1980-களின் கடைசியில் எங்கள் அலுவலகத்தில் ஒரு தட்டச்சர் இருந்தார். அவர் பையனுக்குப் பொன்னுக்கு வீங்கி. மூன்று நாள் தற்செயல் விடுப்பு எழுதிக் கொடுத்தார். “டாக்டர் சர்டிபிகேட் இல்லாம மேல அனுப்ப மாட்டேன்” என்றேன். தற்செயல் விடுப்புக்குச் சான்று தேவையில்லை என்பது எனக்கே தெரியும். இருந்தாலும் கேட்டேன். கோப்பில் ஒரு தாள் கூடுதலாக இருந்தால் நாளைக்கு என்னை யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள் அல்லவா? அந்த அம்மா கன்னம் வீங்கிய பையனைச் சித்திரை வெயிலில் நடத்திக் கூட்டிக்கொண்டு போய்ச் சான்று வாங்கி வந்தார். கொடுக்கும்போது ஒன்றும் சொல்லவில்லை. அந்தச் சான்றை நான் படிக்கக்கூட இல்லை. துளை போட்டுக் கோப்பில் கட்டினேன். இன்று எதிர்வீட்டுப் பெண்ணோடு டோக்கன் வாங்கி உட்கார்ந்திருந்தபோது எனக்கு அந்த அம்மாவின் முகம்தான் நினைவுக்கு வந்தது.

ஆகவே ஒரு பழைய கிளார்க்காகச் சொல்கிறேன். இந்த மாதிரித் தாள் குழந்தைக்காக வாங்கப்படுவதில்லை. வாங்குகிறவரின் பாதுகாப்புக்காக வாங்கப்படுவது.

அந்தத் தாளால் மற்றப் பிள்ளைகளுக்காவது பயன் உண்டா? அதையும் பார்ப்போம்.

பாப்பாவுக்கு அன்று போட்டவற்றில் தட்டம்மை ஊசியும் ஒன்று. முத்தடுப்பு ஊசியால் வரும் காய்ச்சல் அன்றோ மறுநாளோ வந்து, ஓரிரு நாளில் போய்விடும். தட்டம்மை ஊசியின் காய்ச்சல் அப்படியல்ல. வந்தால் ஏறக்குறைய ஒரு வாரம் கழித்துத்தான் வரும், சில பிள்ளைகளுக்கு உடம்பில் லேசான சிவப்பும் தெரியும். வெள்ளிக்கிழமை வாங்கிய சான்றுக்கு அடுத்த வியாழக்கிழமை காய்ச்சலைப் பற்றி என்ன தெரியும்? சொல்லி வைத்தாற்போல அடுத்த வாரம் பாப்பாவுக்கு உடம்பு சுட்டது. சளியும் சேர்ந்திருந்தது. ஊசியால் வந்ததா, கிளினிக்கில் அந்தப் பிளாஸ்டிக் காரிலிருந்து ஒட்டிக்கொண்டதா என்று அடித்துச் சொல்ல நான் டாக்டர் இல்லை. “ஆரோக்கியமாக உள்ளது” என்ற தாள் மட்டும் காப்பகத்துக் கோப்பில் பத்திரமாக இருந்தது.

சின்னம்மையை எடுத்துக்கொள்ளுங்கள். கொப்புளம் தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே அது பரவத் தொடங்கிவிடும். அந்த இரண்டு நாளும் குழந்தை விளையாடிக்கொண்டுதான் இருக்கும். அன்று எந்த டாக்டரிடம் காட்டினாலும் நல்லாயிருக்கிறது என்றுதான் எழுதித் தருவார். சாதாரணச் சளியும் அப்படித்தான், மூக்கு ஒழுகும் முன்பே பரவிவிடும். வாசலில் தாள் கேட்டு இதையெல்லாம் தடுக்க முடியாது. சோப்புப் போட்டுக் கை கழுவுவது, விளையாட்டுச் சாமானைக் கழுவி வைப்பது, ஜன்னலைத் திறந்து வைப்பது, இவை தடுக்கும். இவற்றுக்கு யாரும் சான்று கேட்பதில்லை.

நம் ஊர்ப் பாட்டிமாருக்கு இந்த விஷயத்தில் நம்மைவிடத் தெளிவு இருந்தது. திண்டுக்கல்காரர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. கோட்டை மாரியம்மன் இருக்கும் ஊர் இது. வீட்டில் அம்மை போட்டால் வாசலில் வேப்பிலை செருகுவார்கள். அதைப் பார்த்தால் வெளியாள் உள்ளே வரமாட்டார். பிள்ளையைத் தனியாகப் படுக்க வைப்பார்கள். கொப்புளம் எல்லாம் வாடிக் காய்ந்த பிறகு, ஒற்றைப்படை நாள் பார்த்து, வேப்பிலையும் மஞ்சளும் போட்டுத் தலைக்குத் தண்ணீர் ஊற்றுவார்கள். அதற்குப் பிறகுதான் தெருவில் விளையாட விடுவார்கள். இன்றைய மருத்துவமும் சின்னம்மைக்கு அதையேதான் சொல்கிறது: கடைசிக் கொப்புளமும் காய்ந்து பொருக்குத் தட்டும்வரை மற்றப் பிள்ளைகளோடு சேர்க்காதே. பாட்டி எந்தத் தாளும் கேட்கவில்லை. பிள்ளையின் தோலைப் பார்த்தாள். எல்லா வீட்டுக்கும் அது ஒரே விதியாக இருந்தது, எல்லாருக்கும் அது தெரிந்தும் இருந்தது.

இனி நான் படித்த பக்கத்துக்கு வருகிறேன். நான் பிறந்தது காரைக்காலில். 1954 நவம்பர் 1-ல் பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தை ஒப்படைத்த பிறகும் பிரெஞ்சு வழிப் பள்ளிகள் நடந்தன. அதில் படித்தவன் நான். பிறகு வேலை கிடைத்துத் திண்டுக்கல் வந்து, இந்த ஊர்க்காரனாகவே ஆகிவிட்டேன். நாம் ‘கிரீச்’ என்று சொல்வது பிரெஞ்சுச் சொல். அவர்கள் ‘கிரெஷ்’ என்பார்கள். மாட்டுத் தொழுவத்தில் தீவனம் வைக்கும் தொட்டிக்கு அந்தப் பெயர். ஏசுநாதரைப் பிறந்தவுடன் கிடத்தியது அதில்தான் என்பதால் கிறிஸ்துமஸ் குடிலுக்கும் அதே பெயர். 1844-ல் பாரிஸில், ஷாயோ என்ற பகுதியில், ஃபிர்மான் மார்போ என்பவர் கூலிவேலைக்குப் போகும் தாய்மாரின் குழந்தைகளுக்காக ஓர் இடம் திறந்து அதற்கு இந்தப் பெயரை வைத்தார். போக்கிடம் இல்லாத குழந்தைக்கு ஓர் இடம் என்பதுதான் அந்தச் சொல்லின் பொருள்.

தாள் என்றால் உயிரை விடும் நாடு பிரான்ஸ். கிளார்க்குகளின் தாய்வீடு என்றே சொல்லலாம். அந்த நாடே 2009-ல் தேவையற்ற மருத்துவச் சான்றுகளைக் குறைக்கச் சொல்லிப் பள்ளிகளுக்குச் சுற்றறிக்கை விட்டது. பிள்ளை வராததற்குப் பெற்றோர் எழுதிக் கொடுத்தால் போதும், 1989-ஆம் ஆண்டு அரசாணையில் பட்டியலிட்ட தொற்றுநோய்களுக்கு மட்டும் மருத்துவச் சான்று கேளுங்கள் என்றது. டாக்டர்கள் நோயைப் பார்க்கட்டும், தாள் எழுதிக்கொண்டிருக்க வேண்டாம் என்பதுதான் எண்ணம். அவர்களே விட்ட பழக்கத்தை நாம் ஏன் பிடித்துக்கொண்டிருக்கிறோம்?

நம் சட்டங்களும் தாய்மாரை நினைக்காமல் இல்லை. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் 50 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு ஓர் அறை வேண்டும் என்றது. 1976-ல் அதை 30 ஆகக் குறைத்தார்கள். 2017-ல் மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தி, 50 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் நிறுவனங்களுக்குக் காப்பகம் கட்டாயம், தாய் ஒரு நாளைக்கு நான்கு முறை போய்ப் பார்த்து வரலாம் என்றார்கள். 1975 அக்டோபர் 2-ல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தில்தான் நாம் இன்னும் ‘பால்வாடி’ என்று கூப்பிடும் அங்கன்வாடிகள் வந்தன. இவ்வளவும் இருந்தும், ஒரு தாய் அன்று வேலைக்குப் போவதா வேண்டாமா என்பது காலை எட்டு மணிக்கு ஒரு கேட்டின் முன்னால் முடிவாகிறது. அந்த இடத்தில் எழுதிவைத்த விதி எதுவும் இல்லை. ஒரு நாள் விடுகிறார்கள், ஒரு நாள் விடுவதில்லை.

எதிர்த்தரப்பு வாதத்தையும் மறைக்கக் கூடாது. “காலையில காய்ச்சல் சிரப் ஊத்தி விட்டுட்டுப் போயிடுறாங்க சார். பத்து மணிக்கு மருந்து இறங்கினதும் புள்ள சுருண்டு படுத்துக்குது” என்று காப்பகத்து அம்மா என்னிடம் சொன்னார். பொய்யில்லை. என் மகனே செய்திருக்கிறான். பெங்களூரில் இருந்தபோது பேத்திக்கு 102 டிகிரி. அவனுக்கு அன்று முக்கியமான மீட்டிங். மருந்து கொடுத்து விட்டுவிட்டுப் போய்விட்டான். மத்தியானம் போன் வந்தது. ஃபோனில் அவனைத் திட்டினேன். “லீவு கேட்டா வேலை போயிரும்பா” என்றான். அவன் செய்தது தவறுதான். இருபது பிள்ளைகளை இரண்டு பேர் பார்க்கும் இடத்தில் காய்ச்சல் பிள்ளையைத் தள்ளிவிட்டுப் போவது அந்த இருவருக்கும் மற்றப் பிள்ளைகளுக்கும் செய்யும் அநியாயம்.

ஆனால் சர்டிபிகேட் விதி இந்தத் தவறைக் குறைக்காது, கூட்டும். எப்படி என்று கேளுங்கள். எதிர்வீட்டுப் பெண் உண்மையைச் சொன்னாள். “புதன்கிழமை ஊசி போட்டேன், ராத்திரி காய்ச்சல் இருந்துச்சு, இப்ப இல்ல” என்றாள். உண்மை சொன்னதற்கு 250 ரூபாயும் ஒரு நாள் கூலியும் அபராதம். அடுத்த தடவை சொல்வாளா? நானாக இருந்தால் சொல்ல மாட்டேன். வாயை மூடிக்கொண்டு பிள்ளையை விட்டுவிட்டு வேன் ஏறுவேன். இன்னும் மோசமான இடம் ஒன்று இருக்கிறது. அடுத்த ஊசிக்குப் போனால் மறுபடி தாள், மறுபடி கூலி நட்டம் என்று தெரிந்தால், “அடுத்த மாசம் பாத்துக்கலாம்” என்று தள்ளிப்போட மாட்டாளா? பிள்ளைகளைக் காக்க வைத்த விதி ஊசியையே தள்ளிப்போட வைத்தால் யாருக்கு லாபம்?

சரி, தாள் வேண்டாம் என்றால் எதை வைத்து முடிவு செய்வது? அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் காப்பகங்களுக்குச் சொல்வது மூன்றே கேள்விகள். குழந்தை மற்றப் பிள்ளைகளோடு உட்கார்ந்து, தின்று, விளையாடும் தெம்பில் இருக்கிறதா? அதைப் பார்த்துக்கொள்வதால் மற்றப் பிள்ளைகளைக் கவனிப்பது கெடுமா? விலக்கி வைக்க வேண்டிய தொற்றுநோய் ஏதும் இருக்கிறதா? முதல் கேள்விக்கு ஆமாம், மற்ற இரண்டுக்கும் இல்லை என்றால் குழந்தை உள்ளே போகலாம். இதற்குப் பதில் சொல்லத் தாயும் காப்பகத்து அம்மாவும் போதும். எட்டு மணி நேரம் குழந்தையைப் பார்க்கிறவருக்கு ஒரு நிமிடம் பார்த்தவரைவிட நிறையத் தெரியும்.

தொற்றுநோய்க்கு ஒரு பட்டியல் போதும். ஒரு பக்கத்துக்கு மேல் வராது. காய்ச்சல் என்றால் மருந்து கொடுக்காமலே ஒரு முழு நாள் காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும். வயிற்றுப்போக்கு, வாந்தி என்றால் நின்று இரண்டு நாள். சின்னம்மை என்றால் எல்லாக் கொப்புளமும் காய வேண்டும். தட்டம்மை என்றால் சிவப்புத் தெரிந்து நான்கு நாள், பொன்னுக்கு வீங்கி என்றால் வீக்கம் தெரிந்து ஐந்து நாள். சாதாரணச் சளிக்கு, காய்ச்சல் இல்லையென்றால், விலக்கத் தேவையில்லை. பேனுக்காகப் பிள்ளையைத் திருப்பி அனுப்பவே வேண்டாம். தட்டம்மை, கக்குவான் இருமல் போன்ற பெரிய தொற்றுகளுக்கு மட்டும் டாக்டரின் வார்த்தை கேட்கலாம். அதை நான் எதிர்க்கவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தாலே நோயாளி என்ற எண்ணத்தை முதலில் விட வேண்டும். ஊசி போட்டு அரை மணி கழித்துக் குழந்தை நன்றாக இருந்தால் அன்றைக்கே காப்பகத்துக்குப் போகலாம். கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டுப் பார்த்திருந்தால் சில மணி நேரம் வெளிச்சம் கூசும், வெயிலில் விளையாட விடாமல் இருந்தால் போதும். பல்லுக்கு மரத்துப்போகும் ஊசி போட்டிருந்தால், மரமரப்புப் போகும்வரை உதட்டைக் கடித்துக்கொள்ளாமல் பார்க்க வேண்டும். மயக்க மருந்து கொடுத்திருந்தால் அன்று முழுவதும் வீட்டில்தான். இதையெல்லாம் டாக்டரோ நர்சோ தாயிடம் வாயால் சொல்லி அனுப்புகிறார்கள். தாய் அதைக் காப்பகத்தில் ஒரு நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடட்டும். கோப்பில் தாள் வேண்டும் என்கிறவர்களுக்கு அதுவே தாள். மகளை நம்பிக் கையெழுத்து வாங்க முடியாத இடத்தில், மகளின் குழந்தையை மட்டும் எப்படி நம்பி விடுவது?

மேலே சொன்ன பட்டியலை ஒரு பக்கத்தில் கொட்டை எழுத்தில் எழுதினேன். தெரிந்த குழந்தை டாக்டர் ஒருவரிடம் காட்டி இரண்டு இடங்களில் திருத்தி வாங்கினேன். காப்பகத்துக்கு எடுத்துக்கொண்டு போனேன். அந்த அம்மா நின்றுகொண்டே படித்தார். “நல்லாத்தான் இருக்கு சார். நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா யார் பதில் சொல்றது?” என்றார். முப்பது வருடம் நான் கேட்ட அதே கேள்வி. அவரைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை. “எழுதி மாட்டிட்டா, எல்லாரும் சேர்ந்து ஒத்துக்கிட்ட விதிம்மா அது. நீங்க தனியா பதில் சொல்ல வேண்டியதில்ல” என்றேன். வாங்கி மேஜைக் கண்ணாடிக்குக் கீழே வைத்தார். இன்னும் சுவரில் ஏறவில்லை. வாரம் ஒரு தடவை போய் எட்டிப் பார்க்கிறேன்.

என் வயதுக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். பேரன் பேத்திகளைக் காப்பகத்தில் விட்டுக் கூட்டி வருவது பெரும்பாலும் நாம்தான். அந்தக் கேட்டின் முன்னால் நிற்கிற நமக்கு வேன் பிடிக்கிற அவசரம் இல்லை, நேரம் இருக்கிறது. “எந்த நோய்க்கு எத்தனை நாள் என்று எழுதி மாட்டுங்கள்” என்று நாம் கேட்கலாம். பிள்ளைக்கு உண்மையிலேயே காய்ச்சல் என்றால், மருந்தை ஊற்றி அனுப்பாதே, நான் வைத்துக்கொள்கிறேன் என்று வீட்டிலும் சொல்லலாம். தாத்தா பாட்டி இல்லாத வீட்டுப் பிள்ளை என்றால் எதிர்வீட்டில் நாம் இருக்கிறோம்.

அந்த வியாழக்கிழமை பாப்பாவுக்கு மறுபடி சுட்டபோது நான்தான் வைத்துக்கொண்டேன். இப்போது சரியாகிவிட்டது. நாளை காலை எட்டு மணிக்குக் காப்பகத்துக்கு நானே கூட்டிப்போகிறேன். தாள் கேட்டால் வாங்கித் தரப்போவதில்லை.